புரோபயாடிக் கேப்சூல் எடையையும் அலர்ஜியையும் குறைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 33. உயரம் 160 செ.மீ., எடை 82 கிலோ. காலையில் எழுந்தாலே அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. மூத்த குழந்தைக்கு எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருக்கிறது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா அடங்கிய கேப்சூல்) சாப்பிட்டால் எடையும் குறையும், அலர்ஜியும் போகும் என்கிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: எடைக்காக என்றால் வேண்டாம். தும்மலுக்கு வேண்டுமானால் முயன்று பார்க்கலாம், வழக்கமான மருந்தை நிறுத்தாமல். பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் எடை. குடல் பாக்டீரியாவுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். பருமனானவரின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இந்த முடிவு உலகையே சுற்றி வந்தது. ஆனால் ஒல்லியானவர்களின் குடல் பாக்டீரியாவைப் பருமனான மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எடை குறையவில்லை. எலி ஆய்வை மட்டும் காட்டி யாராவது கேப்சூல் விற்றால், இந்த இரண்டாவது பாதியையும் கேளுங்கள்.

மனிதர்களிடம் ஓரளவு பலன் காட்டிய ரகங்களும் இருக்கின்றன. ஜப்பானில் லாக்டோபேசில்லஸ் காசெரி எஸ்.பி.டி.2055 என்ற பாக்டீரியா கலந்த புளித்த பாலை 12 வாரம் குடித்தவர்களுக்கு வயிற்றின் உட்புறக் கொழுப்பு 4.6 சதவீதம் குறைந்தது. உடல் எடையோ 1.4 சதவீதம்தான். உங்கள் கணக்கில் அது ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. அதே குழு பின்னர் செய்த ஆய்வில், குடிப்பதை நிறுத்திய ஒரு மாதத்திலேயே பலன் மங்கத் தொடங்கியது. இதற்காக ஆயுள் முழுக்கக் குடிப்பீர்களா?

இப்போது அதிகம் பேசப்படுவது அக்கர்மேன்சியா மியூசினிஃபிலா. குடலின் உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தில் வாழ்வது. பருமன் உள்ளவர்களிடம் பொதுவாகக் குறைவாகக் காணப்படுவது. 2019-இல் பெல்ஜியத்தில் மூன்று மாதம் சோதித்தார்கள், முடித்தவர்கள் 32 பேர்தான். உயிருள்ள பாக்டீரியாவைவிட, பாஸ்டரைசேஷன் முறையில் சூடாக்கிக் கொன்றது நன்றாக வேலை செய்தது! அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதம் அந்தச் சூட்டையும் தாங்கி நிற்பது காரணமாக இருக்கலாம். இன்சுலின் செயல்பாடும் கொலஸ்ட்ராலும் மேம்பட்டன. எடை குறைந்தது, ஆனால் போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை. நம்பிக்கை தரும் ஆரம்பம்தான், அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இன்னொரு விஷயமும் முக்கியம்: கொன்ற அக்கர்மேன்சியாவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொன்னபோது, கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் அதில் சேர்க்கவில்லை.

சரி, தும்மலுக்கு வருவோம். ஃபுளோரிடாவில் பருவகால அலர்ஜி உள்ள 173 பேரைப் பிரித்து, ஒரு தரப்புக்கு மூன்று பாக்டீரியா கலவையையும் மறு தரப்புக்குப் போலி மருந்தையும் 8 வாரம் கொடுத்தார்கள். பாக்டீரியா பெற்றவர்கள், மூக்குத் தொந்தரவால் அன்றாட வாழ்க்கையில் வரும் இடைஞ்சல் குறைந்ததாகச் சொன்னார்கள். ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐ.ஜி.இ. அளவிலோ இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதாவது கொஞ்சம் ஆறுதல் கிடைக்கலாம், அலர்ஜி போய்விடாது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயின் இடத்தை இது பிடிக்காது. மூத்த குழந்தையின் எக்ஸிமாவுக்கும் இதையே நம்பாதீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட எக்ஸிமாவைப் புரோபயாடிக் தணிக்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2018-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, அரிப்பு போன்ற தொந்தரவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே முடித்தது. ஈரப்பத க்ரீமும் மருத்துவர் தரும் களிம்பும்தான் கைகொடுக்கும்.

அலர்ஜி ஆய்வுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு வேர்க்கடலைக் கதை ஒன்று போதும். 2015-இல் ஆஸ்திரேலியாவில், வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலைப் புரதத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, கூடவே புரோபயாடிக்கும் கொடுத்தார்கள். 82 சதவீதக் குழந்தைகள் வேர்க்கடலையைத் தாங்கும் நிலைக்கு வந்தார்கள். போலி மருந்துக் குழுவில் 4 சதவீதம்கூட இல்லை. ஆகா என்று தோன்றும். ஆனால் வேர்க்கடலையை மட்டும் தனியாகக் கொடுத்த குழு அந்த ஆய்வில் இல்லை. பின்னால் அந்தக் குழுவையும் சேர்த்துச் செய்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், வேர்க்கடலை மட்டும் பெற்றவர்களில் 51 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 5 சதவீதம். வேலை செய்தது வேர்க்கடலைதான். பாக்டீரியா சும்மா கூட வந்திருந்தது.

இனி அடுத்த குழந்தை. 2001-இல் ஃபின்லாந்தில், அலர்ஜி உள்ள குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி கொடுத்தார்கள். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு தொடங்கி, பிறந்து ஆறு மாதம் வரை. இரண்டு வயதில் எக்ஸிமா, போலி மருந்துக் குழுவில் 46 சதவீதம், இந்தக் குழுவில் 23, அதாவது சரிபாதி. அதே ரகத்தை வைத்து ஜெர்மனியில் 2008-இல் வெளியான ஆய்வில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த உலக அலர்ஜி அமைப்பு 2015-இல், அலர்ஜி ஆபத்து அதிகமுள்ள குழந்தையை எதிர்பார்க்கும் தாய் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. எக்ஸிமாவைத் தடுக்கத்தான் இந்த யோசனை. ஆஸ்துமாவுக்கோ உணவு அலர்ஜிக்கோ இல்லை. நீங்கள் அந்தப் பிரிவில் வருகிறீர்கள். ஆகவே கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எடுக்கலாமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. இப்போதே தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள். நாய் என்று மட்டும் சொல்லி வேட்டைக்கு அனுப்ப முடியாது. எந்த ரகம் என்று தெரிய வேண்டும். பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் ஜிஜி, எஸ்.பி.டி.2055 போல ஒரு குறியீடு இருக்க வேண்டும். இல்லையென்றால், அதை எந்த ஆய்வோடு பொருத்திப் பார்ப்பது? 2020-இல் லாக்டோபேசில்லஸ் குடும்பத்தைப் பிரித்துப் பெயர் மாற்றினார்கள், எனவே சில லேபிள்களில் ரம்னோசஸ், ‘லாக்டிகேசிபேசில்லஸ்’ என்று தொடங்கும். பயப்பட வேண்டாம், ஆள் அதேதான். சி.எஃப்.யூ. எண்ணிக்கை, அதாவது உயிருள்ள பாக்டீரியாவின் அளவு, தயாரித்த அன்றையதா, காலாவதி நாள் வரைக்குமானதா என்பதையும் கவனியுங்கள். இரண்டாவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் வாயு, வயிற்று உப்புசத்துக்கு மேல் பொதுவாக எதுவும் வராது. ஆனால் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களும் கடுமையாக நோயுற்றவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. நெதர்லாந்தில் தீவிரக் கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்த ஆய்வில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் அது 6 சதவீதம். அடுத்த குழந்தை குறைமாதத்தில் பிறந்தால், வீட்டிலிருக்கும் பொடியைக் கலந்து கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) 32. கர்ப்பத்துக்கு முன் 4 முதல் 8 கிலோ குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் நல்லது. அதை உணவும் நடையும்தான் செய்யும், தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்து. எடைக்கான சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும் என்பதால், குழந்தைத் திட்டத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். தும்மலுக்குப் புரோபயாடிக்கை முயன்றே பார்ப்பதென்றால், ஒரே ரகத்தை இரண்டு மாதம் எடுங்கள். மாற்றம் தெரியவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.