வீட்டு சிமுலேட்டரில் மிக்-21 ஓட்டிப் பழகியவரால் நிஜ விமானத்தைத் தரையிறக்க முடியுமா? அது உண்மையிலேயே 'பறக்கும் சவப்பெட்டி'தானா?

இங்கே ஒருவர் கேட்ட இந்த இரண்டு கேள்விகளில், முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. இரண்டாவது கேள்விக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். விபத்துகளால் மிக்-21 போர் விமானத்துக்கு ஒட்டிக்கொண்ட அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1986-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு விமானப்படையில் ஏர்மேனாக (அதிகாரி அல்லாத பணியாளராக) சேர்ந்தேன். இன்ஜின் ஃபிட்டர். இருபது வருட சர்வீஸில் பெரும்பகுதி மிக்-21 பிஸ் என்ற வகை விமானத்தோடு போனது. எங்களுக்குள் அது 'டைப் 75'. நான் பைலட் இல்லை, அதில் ஒரு நாள்கூடப் பறந்ததில்லை. "பறக்காத உனக்கு என்ன தெரியும்" என்று கேட்க வருபவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். ரகசியம் எதையும் இங்கே எழுதவில்லை. இந்த விமானத்தின் சுவிட்ச் ஒவ்வொன்றும் இன்று உலகத்துக்கே தெரியும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். 1963-ல் அதே சண்டிகரில்தான் அது படையில் சேர்ந்தது. தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்ச, விமானங்கள் நடுவில் ஊர்ந்து வந்ததை குடியாத்தத்தில் என் வீட்டு டிவியில் பார்த்தேன். யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன், "மாமா, நீங்க வேலை பார்த்த ஃபிளைட்டு என்கிட்டயே இருக்கு" என்று கம்ப்யூட்டரைத் திறந்தான். டிசிஎஸ் என்ற சிமுலேட்டர். அதில் மிக்-21 பிஸ். ஜாய்ஸ்டிக், காலுக்கு பெடல், தலையில் மாட்டும் விஆர் கண்ணாடி என்று எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. காக்பிட்டின் அந்த நீலப்பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. விமானத்தைத் திருப்பும் குச்சியில் சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கும் லீவர், அதன் இடத்தில் இருந்தது. டேஷ்போர்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. அக்கா மகன் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தான். விமானம் சுழன்று விழும்போது தலை சுற்றி, குச்சி நடுவில் இருக்கிறதா இல்லையா என்பதே பைலட்டுக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்துக் குச்சியைத் தள்ள வேண்டும், அதற்குத்தான் கோடு. இதைச் சொன்னதும் பையன் அமைதியாகிவிட்டான்.

இறங்கும்போதுதான் மிக்-21-இன் குணம் தெரியும். சின்ன முக்கோண இறக்கை. மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் ஓடுதளத்தைத் தொடும். அதையாவது சாத்தியமாக்க, இன்ஜினிலிருந்து அழுத்தக் காற்றை எடுத்து இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பின் மேல் வீசுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. பயந்துபோய் த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) முழுக்கக் கீழே இழுத்தால் அந்தக் காற்றும் குறைந்து, தூக்குவிசை போய், விமானம் பொத்தென்று விழும். இன்ஜின் நின்றுவிட்டாலும் இதே கதைதான். அக்கா மகன் இந்தப் பாடத்தை இருபது தடவை 'செத்து'க் கற்றுக்கொண்டதாகச் சொன்னான். சிமுலேட்டர் அதைச் சரியாகக் கற்றுத்தருகிறது, நான் மறுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு இடத்தில். விண்டோஸ் விசையையும் ஹோம் விசையையும் சேர்த்து அழுத்தினான். சுவிட்சுகள் தாமாகவே ஒவ்வொன்றாக மேலே போய், இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. "இது எதுக்குடா?" என்றேன். "டெய்லி இதையே பண்ணிட்டிருந்தா போரடிக்கும் மாமா" என்றான்.

எங்கள் ஸ்குவாட்ரனில் புதிதாக வரும் இளம் பைலட்டுகள் சாயங்காலம் ஹேங்கருக்கு வருவார்கள். நிற்கிற விமானத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வார்கள். நான் ஏணியில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். பேட்டரி. ஃப்யூல் பம்ப். தீ எச்சரிக்கை. பாராசூட். அவர் கை தடவாமல் நேராக அந்தச் சுவிட்சுக்குப் போக வேண்டும். தப்பாகத் தொட்டால் முதலிலிருந்து. கேபினில் புகை நிறைந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சிமுலேட்டர் அதுதான், கரன்ட் செலவுகூடக் கிடையாது. மவுஸால் சுவிட்சைக் கிளிக் செய்து பழகிய கைக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்ணுக்கு மட்டும் தெரியும்.

அப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு ஃபிளையிங் ஆபீசர். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும், வடக்கத்திக்காரர். ஒரு நாள் காலை டேக் ஆஃப் ஆகி, சக்கரம் உள்ளே போன நேரத்தில் பருந்து மோதிவிட்டது. ஒரே இன்ஜின், உயரமும் இல்லை. இன்ஜின் உதறுகிறது, ஜெட் பைப் வெப்பம் ஏறுகிறது. அவர் இன்ஜினை அணைக்கவில்லை, த்ராட்டிலை அது தாங்குகிற அளவுக்குக் குறைத்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். பிறகு விமானத்தின் பின்பாதியைக் கழற்றி (மிக்-21-ல் இன்ஜினை எடுக்க வேறு வழி இல்லை) இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது முன்வரிசை பிளேடுகள் நசுங்கி வளைந்திருந்தன. கருகிய இறகு நாற்றம் ரெண்டு நாள் ஹேங்கரை விட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலமே அவர் ஹேங்கருக்கு வந்தார். எல்லோரும் அவரை மெஸ்ஸில் தேடிக்கொண்டிருந்தார்கள். வேறொரு விமானத்தில் ஏறி உட்கார்ந்து, துணி கேட்டார். "ஒரு சுவிட்சுக்குக் கை ரெண்டு விநாடி தேடியது, கார்ப்பரல். கூப்பிடுங்கள்" என்றார் இந்தியில். இருட்டும்வரை அந்த ஒரு சுவிட்சையே கூப்பிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். டிசிஎஸ்-ல் நீங்கள் 'ஃப்ளை' அழுத்தும் ஒவ்வொரு தடவையும் புது விமானம் கிடைக்கிறது. அன்றைக்குத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது மாதிரி. எனக்கு ஒரு நாளும் அப்படி ஒரு விமானம் கிடைத்ததில்லை. எங்களிடம் இருந்த ஒவ்வொன்றுக்கும் வால் எண் உண்டு, வயது உண்டு, குணம் உண்டு. ஒன்று மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இன்னொன்றில் எத்தனை தடவை சீலை மாற்றினாலும் எண்ணெய் கசியும். உதிரிபாகம் வரவில்லை என்றால் ரிப்பேரில் கிடக்கும் விமானத்திலிருந்து கழற்றி, பறக்கிற விமானத்தில் மாட்டுவோம். கடைசியில் எஃப்-700 என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 'இந்த இன்ஜின் பறக்கத் தகுதியானது' என்பதுதான் அந்தக் கையெழுத்தின் அர்த்தம். பைலட் அதைப் பார்த்து, தானும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுவார். எந்த சிமுலேட்டரிலும் அந்தப் பதிவேடு இல்லை.

நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு விமானம் திரும்பி வரவில்லை. பைலட் குதித்துவிட்டார், உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. செய்தி வருவதற்கு முன்பே பதிவேடுகளை எடுத்து சீல் வைத்துவிட்டார்கள். விசாரணை என்றால் அதுதான் முறை, யாரையும் குறை சொல்லவில்லை. பதினோரு நாள். தூங்கினால் என் கையெழுத்து கண்ணுக்குள் வந்து நிற்கும். எந்த போல்ட், எந்த பைப், லாக்கிங் வயரை முறுக்கினேனா இல்லையா என்று மனதுக்குள் அந்த இன்ஜினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். கடைசியில் காரணம் இன்ஜின் இல்லை என்று தெரிந்தது. சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

அதனால்தான் 'பறக்கும் சவப்பெட்டி' என்ற வார்த்தை என்னைச் சுடுகிறது. விபத்துகளை நான் மறைக்கவில்லை. 2012-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனியே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்தார்கள். எல்லா வகை மிக்குகளும் சேர்ந்த கணக்கு. பயங்கரமான எண்தான். ஆனால் இரும்பு மட்டுமா கொன்றது? கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து பையன்களை இறக்கி நேராக மிக்-21-ல் ஏற்றினோம். மொபெட் ஓட்டியவனிடம் ரேஸ் பைக்கைக் கொடுத்த மாதிரி. நடுவில் ஒரு உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-லேயே கமிட்டி சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். அது கர்நாடகாவின் பீதரில் படையில் சேர்ந்தது 2008-ல். இடைப்பட்ட இருபத்தாறு வருடத்தில் போனவர்களின் பெயரை யார் கணக்கில் எழுதுவது? மிக்-21-இன் கணக்கில் எழுதிவிட்டார்கள். வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையின் கூரையில் துல்லியமாக ராக்கெட் இறக்கியதும் இதே விமானம்தான். அந்தக் கணக்கை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இதோடு சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஓய்வுபெற்று வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போனேன். எதிரில் இருந்த தம்பி என் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிப்ளமா இல்லையே சார். எக்ஸ் சர்வீஸ்மென்னா செக்யூரிட்டி சூப்பர்வைசர் போஸ்ட் இருக்கு, போட்டுடலாமா?" என்றார். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகும் விமானத்தின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் நான். கேட்டைத் திறந்துவிடுகிற வேலை கேவலம் என்று சொல்லவில்லை, என்னோடு இருந்த பலர் மரியாதையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் வேறு எதற்கும் ஆகமாட்டோம் என்று முன்னாடியே முடிவு செய்துவிடுகிறார்களே, அது வலிக்கிறது. கல்யாண வீட்டில் ஏர்ஃபோர்ஸ் என்று சொன்னால் "பைலட்டா?" என்று கண் விரியும். ஃபிட்டர் என்றதும் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சிமுலேட்டர் விளையாட்டுப் பொருள் என்று நான் சொல்லவில்லை. 1934-ல் அமெரிக்காவில் ராணுவ விமானிகளைத் தபால் கொண்டுபோகச் சொல்லி, மூடுபனியிலும் பனிப்புயலிலும் அடுத்தடுத்துப் பலர் செத்த பிறகுதான், எட்வின் லிங்க் செய்த பயிற்சிப் பெட்டிகளை அவர்கள் ராணுவம் வாங்கியது. அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் கற்ற துருத்தி வேலையை வைத்து அவர் செய்த பெட்டி அது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் செய்தவனுக்குத் தெரிந்ததை மட்டும்தான் சிமுலேட்டர் காட்டும். போயிங் 737 மேக்ஸ் பயணிகள் விமானத்தின் இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2019 மே மாதம், தங்கள் சிமுலேட்டர் மென்பொருள் சில நிலைமைகளைச் சரியாகக் காட்டவில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. உடம்பை நசுக்கும் ஜி விசையோ, காது ஒன்று சொல்ல மீட்டர் ஒன்று சொல்லும் குழப்பமோ உங்கள் அறையில் வராது.

நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். ஆசை உண்மையென்றால் ஏஎஃப்கேட் (விமானப்படை அதிகாரி ஆவதற்கான நுழைவுத் தேர்வு) எழுதுங்கள். பறக்கும் பிரிவுக்கு வயது 20-லிருந்து 24 வரைதான், தள்ளிப்போடாதீர்கள். அதுவரை சிமுலேட்டரில் ஆட்டோ ஸ்டார்ட்டை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள். நண்பன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒன்றைக் கெடுக்கச் சொல்லுங்கள். விமானப் பிரியர்களோடு பேசும்போது எது வேகம், எது உயரம் என்று மட்டும் சண்டை போடாமல், விபத்து ஏன் நடந்தது என்று படியுங்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த நல்ல பைலட்டுகள் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள்.

பின்னூட்டத்தில் பைலட்டுகளைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எழுத வேண்டாம். ஏணியில் நின்று அவர்களின் பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டவன் நான்.

டைப் 75-ல் வேலை பார்த்த ஃபிட்டர்கள், எலக்ட்ரீஷியன்கள், வாலுக்கடியில் பிரேக் பாராசூட் மடித்து வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எந்த ஸ்குவாட்ரன், எந்த வருடம் என்று மட்டும் கீழே எழுதுங்கள். ஒரே ஹேங்கரில் நின்றிருக்கிறோமா என்று பார்க்கலாம்.