மாத முடிவில் வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் ஆசிரியை. இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் நான்கு வருடமாக 25,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். மார்ச் 10ஆம் திகதி வீட்டுக்காரர் வந்து, இனி 45,000 தாருங்கள், இல்லையென்றால் மாத முடிவில் எழும்புங்கள் என்றார். சீசனுக்கு வெள்ளைக்காரருக்கு விடப் போகிறாராம். கடைசியாக எழுதிய இரண்டு வருட அக்ரிமென்ட் கடையில் டைப் அடித்தது. முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆறு மாத அட்வான்ஸும் அவரிடம். வேறு வீடு பார்க்கப் போனால் எங்களுக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

பதில்: முதலில் கசப்பான செய்தி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதிப் பத்திரம் எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. எனவே அந்த எட்டு மாதத்தை நம்ப வேண்டாம். நீங்கள் மாத வாடகைக்காரர். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை அது கட்டுப்படுத்தாது.

ஆனால் மாத வாடகைக்காரருக்கும் முழுதாக ஒரு காலண்டர் மாத அறிவித்தல் வேண்டும். உங்கள் வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறதென்றால், மார்ச் 10இல் சொன்னது ஏப்ரல் 30இல்தான் முடியும். அதற்குப் பிறகும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பூட்டை மாற்றவோ கரண்டை வெட்டவோ அவருக்கு உரிமையில்லை. வாடகையைக் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுச் சிட்டையை வைத்திருங்கள்.

சட்டத்தால் கிடைப்பது இந்த அவகாசம் மட்டுமே. மற்றதெல்லாம் பேரம். திருகோணமலையில் பேரத்துக்குக் கலண்டர்தான் ஆயுதம். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அதன் பிறகு மழை தொடங்கிவிடும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் உப்புக் காற்று கிறில் கம்பியைத் தின்னும். சீசனிலும் எல்லா நாளும் ஆள் வராது, வருகிற நாளில் கட்டில் விரிப்புத் தோய்க்கவும் ஆள் வைக்க வேண்டும். இதை அவர் முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 32,000 என்று பேசினால் வருடத்துக்கு 3,84,000, ஒரு மாதமும் காலியில்லை. இரண்டாம் வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் சேர்த்து, நொத்தாரிசு உறுதியாக எழுதிப் பதிவோம் என்று கேளுங்கள். "பிறகு எழும்பாமல் இருந்தால்?" என்று பயந்தால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லுங்கள். நொத்தாரிசு உறுதி எழுதியவருக்கு, காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க அது வழி தருகிறது. வாடகைக்காரருக்கு எதிரான சட்டம்தான். ஆனாலும் இந்த இடத்தில் உங்களுக்கு உதவும்.

மசியாவிட்டால், கடற்கரையை விட்டு உள்ளே பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் பாருங்கள். திறப்பைக் கொடுக்கும்போது அட்வான்ஸிலிருந்து கழிக்க ஏதாவது தேடுவார்கள். துருப்பிடித்த கம்பி, பெயர்ந்த சாந்து எல்லாவற்றையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். புது வீட்டில் கிணறு இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். ஆவணியில் தண்ணீர் உவர்க்குமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.