பம்பில் தொங்கிய நோட்டு

கேள்வி: எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள், போனேன். கையெழுத்து வாங்கினார்கள், டீ கொடுத்தார்கள், அவ்வளவுதான். இனியும் போகணுமா அக்கா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போங்கள் தங்கச்சி. வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.

2019-இல் புழல் ஏரி வறண்ட கோடை ஞாபகம் இருக்கிறதா? வியாசர்பாடியில் எங்கள் குழாயில் தண்ணீர் வந்தாலே பெரிது, வந்ததும் நாறியது. நானும் கூட்டத்தில் கத்தினேன். "கவனிக்கிறோம்மா" என்றார்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டை நூல் கட்டி மூலை அடிபம்பில் தொங்கவிட்டோம். எந்த வீடு, எத்தனை மணிக்குத் தண்ணீர், எத்தனையாவது குடம் வரை நாற்றம், இவ்வளவுதான் எழுத வேண்டும். இரண்டே வாரத்தில் பிடிபட்டது: இஸ்திரிக் கடைக்கு மேற்கே நாற்றமே இல்லை. கிழக்கே எல்லா வீட்டிலும் முதல் நாலைந்து குடம் கறுப்பு.

தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்தால், நல்ல தண்ணீர்க் குழாயின் விரிசல் வழியாக அது உள்ளே இறங்கிவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். எங்கள் தெருவில் அப்படி உறிஞ்சியவர்களில் என் மாமியார் வீடும் ஒன்று. அந்தச் சண்டை தனிக்கதை!

நோட்டைப் பார்த்ததும் பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "இஸ்திரிக் கடை எங்கம்மா?" அங்கேயே தோண்டினார்கள். பழைய இரும்புக் குழாயில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

இஸ்திரிக் கடைக் கணக்கைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பின்கட்டில் ஒண்டுக்குடித்தனம் இருந்த பெண். அதிகாலையில் குடத்தோடு நிற்பவள் அவள். கூட்டத்துக்கு அழைப்பு போனதோ வீட்டுக்காரர்களுக்கு. உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எங்கே போவது? மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை குறை கேட்கும் கூட்டம் உண்டு. உங்களுக்குத் தண்டையார்பேட்டை. 2022 விதிகளின்படி வந்த பகுதி சபாவிலும், அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டத்திலும், இதை எழுப்பலாம், கவுன்சிலரிடம் தேதி கேளுங்கள்.

நோட்டை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.