நெஞ்சு இறுக்கத்தோடு பிரைட்டன் வரை சைக்கிள் ஓடலாமா?

கேள்வி: எனக்கு 51 வயது. லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷனுக்கு நிதி சேர்க்க ஜூன் மாதம் நடக்கும் லண்டன்–பிரைட்டன் சைக்கிள் ஓட்டத்துக்கு வேலையிட நண்பர்களோடு பெயர் கொடுத்திருக்கிறேன். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்ளசைடும் எடுக்கிறேன். இப்போது சனிக்கிழமைகளில் 10 மைல் ஓடுகிறேன். றெயில் நிலையப் படிகளில் வேகமாக ஏறினால் நெஞ்சு கொஞ்சம் இறுகும், நின்றால் போய்விடும். வாயு என்று நினைக்கிறேன். 54 மைல் ஓட என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: சாப்பாட்டைப் பிறகு பார்ப்போம். ஏறும்போது வந்து, நின்றதும் போகிற இறுக்கத்தை வாயு என்று விட்டுவிடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற இரத்தம் இதயத் தசைக்குக் கிடைக்காதபோது வருகிற நெஞ்சுவலியின் இயல்பே அதுதான். தெற்காசியர்களான நமக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மங்கலாகத் தெரிவதால், கொஞ்சம்தான் இறுகுகிறது என்பதை வைத்து ஆறுதல் அடையவும் முடியாது.

இந்த வாரமே உங்கள் ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) போங்கள். என்னிடம் எழுதிய அதே சொற்களை அவரிடமும் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் அடைப்பு இல்லை என்று ஆகாது. நெஞ்சுவலிக்கான சிறப்புப் பிரிவுக்கு அனுப்பி, தேவையானால் இதய நாளங்களை சிடி ஸ்கான் செய்து பார்ப்பார்கள். அதுவரை சைக்கிளைத் தொடவேண்டாம். சும்மா இருக்கும்போதே இறுகினாலோ, ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ உடனே அவசர எண் 999க்கு அழையுங்கள்.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பாதையில் பிரைட்டனை நெருங்கும்போது, கால்கள் ஓய்ந்த நேரத்தில்தான், டிச்சிலிங் பீக்கன் என்ற செங்குத்தான மேடு வரும். படிகளிலேயே இறுகுகிற நெஞ்சை அங்கே சோதித்துப் பார்க்கக் கூடாது. ஜூனுக்குள் பரிசோதனைகள் முடியாவிட்டால் அடுத்த ஆண்டு ஓடுங்கள். நிதியை இந்த ஆண்டே சேர்க்கலாம்.

வைத்தியர் அனுமதி கொடுத்தால் பயிற்சியை மெல்ல மெல்லக் கூட்டி, ஓட்டத்துக்கு முன் ஒருமுறையாவது 40 மைல் அளவுக்கு ஓடிப் பாருங்கள். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். அங்கே பலரும் அப்படித்தான் போகிறார்கள்.

இனிச் சாப்பாடு. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்ளசைட் அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும், மணிக்கணக்காக மிதித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அன்றைய காலைக் குளிசையைக் குறைப்பதா விடுவதா என்று நீரிழிவு நேர்ஸிடம் முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். காலையில் புட்டோ இடியப்பமோ வழக்கம்போலச் சாப்பிடலாம். வழியில் மணிக்கொரு முறை வாழைப்பழம், ரொட்டி என்று ஏதாவது எடுங்கள். நிற்கும் இடங்களில் சர்க்கரையைப் பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே போனால் ஓட்டத்தை நிறுத்தி, 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். சொக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், அளவுக்கு மீறினால் இரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும்.

வீடு திரும்பிய பின்னும் கவனம் தேவை. நீண்ட உழைப்புக்குப் பிறகு நித்திரையிலும் சர்க்கரை தாழலாம். படுக்கப் போகுமுன் ஒருமுறை பாருங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள்.