சோனார் 3 சதவீதம்னு காட்டுது, நம்பலாமா?

கேள்வி: சார், நாங்க ஒரு பழைய ஜாவா ப்ராஜெக்ட்ட மெயின்டெயின் பண்றோம், எந்த ஃபைலத் தொறந்தாலும் கெட்டர் செட்டராத்தான் (ஃபீல்டோட மதிப்ப எடுத்துக் குடுக்கற, மாத்தற குட்டி மெத்தடுங்க) கெடக்கு. ஆனா கோடு தரத்த அளக்கற சோனார்க்யூப்ல டூப்ளிகேஷன் 3 சதவீதம்தான், மேனேஜர் அதக் காட்டியே வாயடைக்கிறார். இந்த பாய்லர்ப்ளேட்ட, அதாவது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுதற கோட அளக்க வேற வழி இருக்கா?

பதில்: சோனார் பொய் சொல்லலைங்க, அது தேடுறது காப்பி பேஸ்ட்ட. ஜாவால வரிசையா 10 ஸ்டேட்மென்ட்டாவது அச்சு அசலா ஒத்துப்போனாத்தான் எண்ணும், ஸ்பேஸும் ஸ்ட்ரிங்குக்குள்ள இருக்கறதும் மாறினா கண்டுக்காது, ஆனா ஒரு கிளாஸ்ல கெட்நேம் இன்னொண்ணுல கெட்அமவுண்ட்னு பேரு மாறிட்டா விட்டுடும்.

பிஎம்டிங்கற கோடு செக் பண்ற டூல் கூட வர்ற சிபிடிய (காப்பி பேஸ்ட் தேடறது) ஓட்டிப் பாருங்க, அதுல வேரியபிள், மெத்தட் பேரையும் லிட்டரலையும் (கோடுல நேரா எழுதின மதிப்பு) கணக்குல எடுக்காம பாக்கற ஆப்ஷன் இருக்கு. நம்பர் எகிறும். அத அப்படியே மேனேஜர்கிட்ட தூக்கிட்டுப் போயிடாதீங்க, பேரெல்லாம் எடுத்துட்டா சம்பந்தமே இல்லாத கோடும் ஒண்ணு மாதிரி தெரியும், கொஞ்சத்த கையால புரட்டிப் பாத்துட்டுப் போங்க. ஒரே மாதிரி கோடு நல்லா சுருங்கும்னு, ஃபைல சுருக்கற ஜிஜிப்ல போட்டு எவ்ளோ கொறையுதுன்னு பாக்கறவங்களும் உண்டு, அது 32 கேபி தூரத்துக்குத்தான் திரும்பிப் பாக்கும், பெரிய ரெப்போவுக்கு (ப்ராஜெக்ட்டோட மொத்தக் கோடு) ஒதவாது.

என்னக் கேட்டா வரி எண்றதே வேண்டாம்பேன். 8 ஃபீல்டு இருக்கற கிளாஸ்க்கு 16 மெத்தட், மூணு மூணு வரின்னா 48 வரி, அத ஐடிஇயே (கோடு எழுதற எடிட்டர்) அடிச்சுக் குடுத்துடும், யாருக்கு என்ன நஷ்டம்? ஒம்பதாவது ஃபீல்டு சேக்கறப்பதான் வெனையே, என்டிட்டி (டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ்), டிடிஓ (டேட்டாவ வெளிய அனுப்பற கிளாஸ்), ரெண்டுக்கும் நடுவுல மாத்தற மேப்பர், ரெண்டு ஆப்ஜெக்ட் ஒண்ணான்னு பாக்கற ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், டெஸ்ட்டுனு ஒவ்வொண்ணாத் தேடிப் போகணும், இதுல ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் மறந்தீங்கன்னா கம்பைலர் மூச்சு விடாது, அந்த ஒரு ஃபீல்டுல மட்டும் வித்தியாசப்படற ரெண்டு ஆர்டர ஒண்ணுன்னு நெனச்சு ஹேஷ்செட் (ஒரே பொருள ரெண்டு தடவ வெச்சுக்காத லிஸ்ட்) ஒண்ண முழுங்கிடும். அதனால கோடு மாற்றங்களோட பதிவான கிட் லாக்ல போய் ஃபீல்டு சேத்த கமிட்டாப் (ஒவ்வொரு மாற்றப் பதிவு) பொறுக்கி ஒவ்வொண்ணுலயும் எத்தனை ஃபைல் மாறியிருக்குன்னு எண்ணுங்க. மேனேஜருக்குப் புரியற நம்பர் அதுதான், ஏன்னா அது டீமோட நேரமாவும், பக் (bug) வந்தா கஸ்டமரோட ஃபோன் காலாவும் மாறும்.

ஜாவா 16லயோ (2021) அதுக்கு மேலயோ இருந்தீங்கன்னா டிடிஓவையெல்லாம் ரெக்கார்டா (டேட்டாவ மட்டும் வெச்சுக்கற சுருக்கமான கிளாஸ்) மாத்துங்க, ஈக்வல்ஸ் ஹேஷ்கோட் ரெண்டும் தானா வந்துடும், செட்டர் மட்டும் இருக்காது. ஜேபிஏ (ஜாவாவ டேட்டாபேஸோட இணைக்கற முறை) என்டிட்டில மட்டும் கை வெக்காதீங்க, அதுக்கு ரெக்கார்டு ஒத்துவராது. ஜாவா 8லயே மாட்டியிருந்தா, கெட்டர் செட்டரத் தானா உருவாக்கிக் குடுக்கற லோம்போக்தான், அதுக்கு டீம்ல ஒரு சண்ட நடக்கும், நடக்கட்டும்.