விற்பனைக்கு வரும் அனிமே செயலி: சந்தாவைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் பேசும் ஜப்பானிய அனிமே தொடர்களுக்காக ஒரு செயலியில் ஆண்டுச் சந்தா கட்டி வருகிறோம். அந்த நிறுவனத்தை விற்கப் போகிறார்களாம். அடுத்த மாதம் 12-ஆம் தேதி சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும். பணம் வீணாகிவிடுமா? பேருந்து நிலையம் பக்கம் ஒரு கைபேசிக் கடைக்காரர் 600 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' கணக்கு தருகிறேன் என்கிறார். 200 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன்.
(வாசகி, செக்காலை, காரைக்குடி)

பதில்: விற்பனைப் பேச்சு கிளம்பியதாலேயே கட்டிய பணம் போய்விடாது அம்மா. பேச்சுக்கும் கிரயத்துக்கும் நடுவே மாதக்கணக்கில் ஓடும். க்ரஞ்சிரோல் என்ற அனிமே செயலியை அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்திடமிருந்து 117.5 கோடி டாலருக்கு வாங்குவதாக சோனி தரப்பு அறிவித்தது 2020 டிசம்பரில். கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். சோனியிடம் ஏற்கெனவே இருந்த ஃபனிமேஷன் என்ற இன்னொரு அனிமே செயலியை மூடியது 2024 ஏப்ரலில். ஆக, 12-ஆம் தேதிக்குள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பதற வேண்டாம்.

எப்படி விற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். உங்கள் ஊர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவும் (உள்முற்றம்) பட்டாலையுமாக (கூடம்) வீட்டை அப்படியே ஒருவர் வாங்கினால், குடியிருப்பவரும் அவருடைய வாடகை ஒப்பந்தமும் சேர்ந்தே கைமாறும். நிறுவனத்தின் பங்குகளை மொத்தமாக வாங்குவது இந்த வகை. உங்கள் சந்தா பாட்டுக்கு ஓடும். அதே வீட்டின் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றி, பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் தனித்தனியாக விற்பதும் உண்டல்லவா? செயலியிலும் அப்படி நடக்கும்: சந்தாதாரர் பட்டியல் ஒருவருக்கு, தொடர்களின் உரிமம் இன்னொருவருக்கு. அப்போதுதான் 'கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று கடிதம் வரும். வம்பெல்லாம் அந்தக் கடிதத்தோடுதான் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தொடர்கள் இருக்குமா என்று மகன் கேட்பான். அவை பெரும்பாலும் செயலியின் சொத்தே இல்லை. ஜப்பானில் பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம் என்று பலர் கூட்டாக முதல் போட்டு அமைக்கும் தயாரிப்புக் குழுவிடம் உரிமை இருக்கும். செயலி அதை நாடுவாரியாகக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. குத்தகை முடிந்தால், விற்பனையே நடக்காவிட்டாலும் தொடர் போகும். இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று 128 ஜிபி அட்டை வாங்கப் போகாதீர்கள். செயலிக்குள் இறக்கிய கோப்புக்குப் பூட்டு உண்டு. அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுக்கொண்டுதான் அது திறக்கும். ஃபனிமேஷனில் டிவிடி வட்டோடு வந்த குறியீட்டைப் போட்டுச் சேர்த்த டிஜிட்டல் பிரதிகளைக்கூட க்ரஞ்சிரோலுக்குக் கொண்டுபோகவில்லை. காசு கொடுத்து வாங்கியதற்கே அந்தக் கதி.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆண்டுச் சந்தாவைத் தானாகப் புதுப்பிக்க விடாதீர்கள்; மாதச் சந்தாவுக்கு மாறுங்கள். மாதத்துக்குச் சில ரூபாய் கூடுதலாகும், போகட்டும். 10-ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. செயலியின் கணக்குப் பக்கத்தில் ரத்து செய்யுங்கள். பிறகு கூகுள் பே, ஃபோன்பே எதில் கட்டினீர்களோ அதில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அங்கேயும் ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். அந்த ஒரு குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால் ஆண்டுப் பணம் போனதுதான்.

ஒரு விதிவிலக்கு. சந்தா உங்கள் பிராட்பேண்ட் திட்டத்தோடு இலவசமாக வந்தது என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அங்கே உங்கள் ஒப்பந்தம் இணைய இணைப்பு தருபவரோடுதான். செயலி நிறுவனத்துக்கு உங்களைத் தெரியாது. செயலி கைமாறினால் அந்த இலவசத்தை ஒரு வரிச் செய்தியோடு நிறுத்திவிட்டு, மாதக் கட்டணத்தை மட்டும் பழையபடியே வசூலிப்பார்கள். கேட்டால் 'அது கூடுதல் சலுகைதானே' என்பார்கள். ஆகவே திட்டம் எடுத்தபோது வந்த விளம்பரத் தாள், பில், அதில் செயலியின் பெயர் இருக்கும் வரி, இவற்றைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்து இணைப்புக் கொடுத்தவர் வாயால் சொன்ன 'மூணு வருஷம் ஃப்ரீ' எங்கேயும் நிற்காது. எழுதி வாங்குங்கள்.

இப்போது அந்த 600 ரூபாய்க் கணக்கு. சந்தா விற்கும் நிறுவனமே நாளைக்கு யாருடையது என்று தெரியாதபோது, வாழ்நாளுக்கு உத்தரவாதம் கொடுக்க இந்தக் கடைக்காரர் யார்? இப்படி விற்கப்படுபவை பொதுவாக மூன்று வகை: யாரிடமிருந்தோ திருடிய கடவுச்சொல், ஒரே கணக்கைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டது, கடைக்காரர் தன் மின்னஞ்சலில் தொடங்கியது. மூன்றும் சாதாரண நாளில் ஓடத்தான் செய்யும். நிறுவனம் கைமாறிக் கணக்குகளை மாற்றும் நாளில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்புவார்கள். அந்த மின்னஞ்சல் யாருடையது? அன்றோடு வாழ்நாள் முடிந்தது. கணக்கோடு கூட 'இந்த ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக நிறுவும் செயலி) வந்தால் இன்னும் மோசம். குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் வங்கி ஓடிபியையும் அதுவே படிக்கும். உங்கள் இப்போதைய கணக்கையும் கடையில் உட்கார்ந்து தொடங்கியிருந்தால், இன்றைக்கே அதில் இருக்கும் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் பாருங்கள்.

விற்பனை உறுதியானதும் 'சந்தாவைத் திருப்பித் தருகிறோம், கியூஆர் ஸ்கேன் செய்து யூபிஐ பின் போடுங்கள்' என்று ஒரு மோசடிக் கூட்டம் கிளம்பும். பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை. செயலியைத் திறந்து அதற்குள் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இணைப்பைத் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930, இணையக் குற்ற உதவி எண்.

நிறுவனமே ஏமாற்றினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. சந்தாவை ரத்து செய்ய முடியாதபடி சிக்கவைப்பதை முறைகேடு என்று 2023-இலேயே அறிவித்துவிட்டார்கள். தாளில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக ஒருவர் காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு எத்தனை வாய்தாவுக்குப் பஸ் ஏறுவார் என்று எழுதினவர்கள் யோசிக்கவில்லை. அதனால்தான் முதலிலேயே மாதச் சந்தா என்கிறேன்.

கடைக்காரரிடம் கொடுத்த 200 ரூபாயை இன்றே திருப்பிக் கேளுங்கள். ரொக்கமாகத் தர மறுத்து 'வேறு ஆப் தருகிறேன்' என்றால், அந்த 200-ஐ விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.