குறள் ஒப்பிக்கிறார்கள், பென்சில் காணாமல் போகிறது

கேள்வி: தேவகோட்டைக்கு அருகில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வாரந்தோறும் நீதிபோதனை வகுப்பு நடத்துகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கள்ளாமை அதிகாரத்தைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் பென்சிலும் பேனாவும் காணாமல் போவது நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் போதனையில் குறையில்லை, போதனைக்கு இருக்கும் எல்லை அது. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் ஆய்வாளர் இருவர் பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நல்லது எதுவென்று சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளும் வாய்ப்புக் கிடைத்தால் ஏமாற்றியதையும், ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் அவ்வாறு இல்லாததையும் கண்டார்கள். எனவே யாருக்கும் திருடன் என்ற பெயரைச் சூட்டிவிடாதீர்கள். பழகுவதற்கு இடம் கொடுங்கள்.

அந்தப் பழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார் என்னும் செட்டிநாட்டு வணிகர்கள், சிறுவனைக் கடையின் பணப்பெட்டியருகே இருக்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, எடுபிடி வேலையில் தொடங்கிக் கணக்கெழுதப் பழக்கி, அடுத்தாளாகவும் மேலாளாகவும் படிப்படியாக உயர்த்தினார்கள். பிறர் பணத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, கணக்கை நேர் செய்து செய்துதான் அவனுக்கு நாணயம் கைவந்தது.

உங்கள் வகுப்பிலும் ஆளில்லாக் கடை ஒன்றை வையுங்கள்; நேர்மை அங்காடி என்ற பெயரில் சில பள்ளிகளில் இது நடப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்துப் பென்சில், பத்து ரப்பர், ஒரு விலைப்பலகை, ஓர் உண்டியல், ஒரு கணக்கு நோட்டு போதும். வாரம் இருவராக எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து, மாலையில் இருப்பையும் பணத்தையும் எண்ணிக் கரும்பலகையில் எழுதட்டும். நல்ல பிள்ளை என்று நாம் நம்புகிறவர்களிடம் மட்டும் இப்பொறுப்பைக் கொடுப்பது பெரிய தவறு. எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கே இது மிகவும் தேவை.

முதல் மாதம் பணம் குறையும். அப்போது பையைச் சோதிக்காதீர்கள், யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். 'இன்று நான்கு ரூபாய் குறைகிறது' என்று எழுதிவிட்டு, கடையைத் தொடர்ந்து நடத்துவது எப்படி என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். மறுநாள் உண்டியலில் கூடுதலாகப் பணம் கிடந்தால் யார் போட்டது என்று விசாரிக்கவே கூடாது. திருந்த நினைத்த பிள்ளைக்கு நாம் காட்டும் மரியாதை அது. வாங்க வழியில்லாமல் எடுக்கும் பிள்ளையும் உண்டு என்பதை எண்ணும்போது மனம் வலிக்கிறது. அதற்காகவே நோட்டில் பற்று எழுதிக்கொள்ளும் பக்கம் ஒன்று இருக்கட்டும், முடிந்தபோது கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். இந்த நடத்தைக்கு மதிப்பெண் மட்டும் வேண்டாம்.

குறளையும் விட்டுவிடாதீர்கள். ஒப்புரவறிதலில் வரும் ஊருணிக் குறளை நடத்தும் நாளில் பிள்ளைகளை உங்கள் ஊர் ஊருணிக்கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு எப்படிக் காக்கப்பட்டது என்பதை, அதை நேரில் கண்ட பெரியவர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்து சொல்லட்டும்.